பனிவிரிப்பின் உயரத்தை விண்ணிலிருந்து அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் பனி குறைகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஓர் எண்ணும் வரும். இத்தனை கோடி டன், இத்தனை மில்லிமீட்டர் என்று. அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பது செய்தியில் இருக்காது. ஆளே போக முடியாத ஓர் இடத்தில், மூன்று கிலோமீட்டர் தடிமனுள்ள பனியின் மேற்பரப்பு இந்த ஆண்டு பத்து சென்டிமீட்டர் இறங்கியது என்று எப்படிச் சொல்கிறார்கள்? அதை எந்த அளவுக்கு நம்பலாம்? இந்தக் கேள்விகளைப் பலரும் பல விதமாகக் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இங்கே.

பனிவிரிப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

நிலத்தின் மேல் கண்டம் அளவுக்குப் பரந்து கிடக்கும் பனியைத்தான். இன்று உலகில் அப்படி இரண்டுதான் இருக்கின்றன. கிரீன்லாந்துப் பனிவிரிப்பின் பரப்பு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர். அண்டார்டிகாவுடையது ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டர். கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் உலகின் கடல்மட்டம் 7 மீட்டருக்கு மேல் உயரும். அண்டார்டிகாவுக்கு அந்தக் கணக்கு சுமார் 58 மீட்டர். முழுவதும் உருகுவது நம் காலத்தில் நடக்கிற காரியம் இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய இருப்பில் ஒரு சிறு பங்கு குறைந்தாலும் அது கடலில் தெரியும்.

பனிவிரிப்பிலிருந்து கடலை நோக்கி நதிபோல் மெல்ல நகரும் பகுதிகளைப் பனியாறு என்போம். அது கடலுக்குள் நீண்டு மிதக்கும் பகுதி பனித்தட்டு. கடலில் உடைந்து மிதந்து போகும் பனிப்பாறை வேறு. இவற்றைக் குழப்பிக்கொண்டால் பின்னால் வரும் கணக்கெல்லாம் குழம்பிவிடும்.

உயரத்தை ஏன் அளக்க வேண்டும்? பரப்பைப் படம் பிடித்தால் போதாதா?

போதாது. கடலில் மிதக்கும் ஆர்க்டிக் பனிக்குப் பரப்பு நிறையச் சொல்லும். நிலத்தின் மேல் இருக்கும் பனி விஷயம் வேறு. அதன் ஓரம் நூறு மீட்டர்கூடப் பின்வாங்காமல், உள்ளே பத்து மீட்டர் தடிமன் இழந்திருக்கலாம். மேலிருந்து எடுத்த படத்தில் எல்லாம் பழையபடி வெள்ளையாகவே தெரியும். குளத்தின் கரையை மட்டும் பார்த்துவிட்டுத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியுமா? மட்டம் தெரிய வேண்டும்.

500 கிலோமீட்டர் மேலிருந்து சென்டிமீட்டர் கணக்கில் எப்படி அளக்க முடிகிறது?

கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் கேட்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணி ஆழத்தை ஊகிப்போமே, அதே முறைதான். செயற்கைக்கோள் உயரத்தை நேரடியாக அளப்பதில்லை, நேரத்தைத்தான் அளக்கிறது. ஒளியோ ரேடியோ அலையோ கீழே போய்ப் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கிறது.

இப்போது இந்த வேலையைச் செய்யும் கருவிகளில் முக்கியமானது நாசாவின் ஐஸ்சாட்-2. 2018 செப்டம்பர் 15 அன்று ஏவப்பட்டது. சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அதிலுள்ள பச்சை லேசர் ஒரு வினாடிக்கு 10,000 முறை துடிக்கிறது. ஒரு துடிப்பில் கிளம்பும் ஒளித்துகள்கள், அதாவது ஃபோட்டான்கள், சுமார் 20 லட்சம் கோடி. அவற்றில் தொலைநோக்கிக்குத் திரும்பி வந்து சேர்வது ஒரு டஜன் அளவுதான். அந்த ஒரு டஜனையும் தனித்தனியாக, ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான துல்லியத்தில் நேரம் குறித்துக்கொள்கிறார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். அத்தனையிலிருந்து ஒரு கைப்பிடிகூட இல்லாத ஒளியை வைத்துக்கொண்டு ஒரு கண்டத்தின் மேடு பள்ளத்தை வரைகிறார்கள்.

போய்த் திரும்பும் மொத்த நேரம் ஒரு வினாடியின் 300-இல் ஒரு பங்கு. நேரக் குறிப்பில் ஒரு நானோவினாடி, அதாவது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு, பிசகினால் உயரத்தில் 15 சென்டிமீட்டர் பிசகும். அதனால் ஒரே ஒரு ஃபோட்டானை நம்பி எதையும் சொல்வதில்லை. செயற்கைக்கோள் வினாடிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் தரையைக் கடப்பதால், இரண்டு துடிப்புகள் தரையில் விழும் இடங்களுக்கு நடுவே 70 சென்டிமீட்டர்தான் இடைவெளி. பக்கத்துப் பக்கத்தில் விழும் நூற்றுக்கணக்கான ஃபோட்டான்களைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் பிழை சில சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடும்.

செயற்கைக்கோளே ஓடிக்கொண்டிருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பது சரியாகத் தெரியாவிட்டால்?

அப்போது எல்லாமே தவறாகிவிடும். அளப்பது செயற்கைக்கோளுக்கும் பனிக்கும் உள்ள தூரத்தை. அதிலிருந்து பனியின் உயரம் கிடைக்க, செயற்கைக்கோள் பூமியின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சில சென்டிமீட்டர் துல்லியத்தில் தெரிய வேண்டும். ஐஸ்சாட்-2 ஜிபிஎஸ் வழியாகத் தன் இடத்தையும், நட்சத்திரங்களைப் பார்த்துத் தன் சாய்வையும் தொடர்ந்து குறித்துக்கொள்கிறது. தரையிலிருந்து லேசர் அடித்தும் அதன் தூரத்தைச் சரிபார்க்கிறார்கள். காற்றில் ஒளி சற்றுத் தாமதமாகும், அதையும் கழிக்க வேண்டும். இப்படிக் கிடைக்கும் உயரம், பூமியின் வடிவத்தைக் குறிக்கும் ஒரு கணித நீள்கோளத்திலிருந்து எண்ணப்படுவது. நாம் பழகிய ‘கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்’ இல்லை.

லேசர், ரேடார் என்று இரண்டும் சொல்கிறார்களே. எது நல்லது?

இரண்டும் வேண்டும். ஒன்றின் பலவீனத்தை மற்றது ஈடுகட்டுகிறது.

ரேடார்தான் இந்தத் துறையில் மூத்தது. 1991-இல் ஐரோப்பா அனுப்பிய இஆர்எஸ்-1 முதல் தொடர்ச்சியான பதிவு நமக்கு இருக்கிறது. அதன் பின் இஆர்எஸ்-2, என்விசாட், 2010 ஏப்ரல் 8 அன்று ஏவப்பட்ட கிரையோசாட்-2 என்று சங்கிலி அறாமல் வந்திருக்கிறது. ரேடாருக்கு மேகம் ஒரு தடையே இல்லை, துருவ இரவும் பொருட்டில்லை. லேசருக்கும் இரவு பிரச்சினை இல்லை. ஆனால் அடர்ந்த மேகம் வந்தால் அன்றைய அளவீடு போச்சு.

கிரையோசாட்டின் பெயரில் ‘2’ வந்த கதையையும் சொல்ல வேண்டும். முதல் கிரையோசாட் 2005 அக்டோபர் 8 அன்று ஏவப்பட்டது. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தை அணைக்கும் கட்டளை மென்பொருளில் விடுபட்டுப் போயிருந்தது. செயற்கைக்கோள் ஆர்க்டிக் கடலில் விழுந்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் சில நிமிடங்களில் எல்லாவற்றையும் இழந்தார்கள். சில மாதங்களிலேயே மறுபடி கட்டுவது என்று ஐரோப்பிய விண்வெளி முகமை முடிவெடுத்தது. அந்த முடிவு வராமல் போயிருந்தால் 2010-க்குப் பிந்தைய பதிவில் பெரிய ஓட்டை விழுந்திருக்கும்.

சரி, ரேடாரின் குறை என்ன? அது பனியின் மேற்பரப்பில் நின்றுவிடுவதில்லை. உலர்ந்த, குளிர்ந்த பனியில் ரேடார் அலை சில மீட்டர் ஆழம்வரை இறங்கிவிடும். திரும்பி வரும் எதிரொலியில் மேற்பரப்பும் கலந்திருக்கும், உள்ளடுக்குகளும் கலந்திருக்கும். பனியின் தன்மை மாறாமல் இருக்கும்வரை இதைச் சமாளிக்கலாம். மாறினால்?

2012 ஜூலையில் அதுதான் நடந்தது. சில நாட்களில் கிரீன்லாந்துப் பனிவிரிப்பின் மேற்பரப்பில் ஏறத்தாழ முழுவதும், உச்சிப் பகுதி உட்பட, உருகல் கண்டது. உருகிய நீர் கீழே இறங்கி மறுபடி உறைந்து கெட்டியான பனி அடுக்காயிற்று. அதுவரை ஆழமாக இறங்கிக்கொண்டிருந்த ரேடார் அலை இப்போது அந்த அடுக்கில் பட்டு மேலேயே திரும்பிவிட்டது. விளைவு, தரவில் பனிவிரிப்பின் உட்பகுதி திடீரென்று அரை மீட்டர் அளவுக்கு உயர்ந்ததுபோல் தெரிந்தது. உண்மையில் அங்கே பனி அப்படிச் சேரவில்லை. உருகலின் அடையாளம் வளர்ச்சியின் வேடத்தில் வந்து நின்றது. இதைக் கண்டுபிடித்துத் திருத்தியிருக்காவிட்டால் எவ்வளவு தவறான முடிவுக்குப் போயிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

லேசரின் பச்சை ஒளி மேற்பரப்பிலிருந்தே திரும்பிவிடும். அதனால்தான் இரண்டையும் ஒப்பிடுவதற்கு இவ்வளவு மதிப்பு. 2020 ஜூலையில் கிரையோசாட்-2-இன் சுற்றுப்பாதையைச் சுமார் 900 மீட்டர் உயர்த்தினார்கள். அதன் பலனாக, அது 19 சுற்று முடிக்கும் நேரத்தில் ஐஸ்சாட்-2 20 சுற்று முடிக்கும். சில மணி நேர இடைவெளியில் இரண்டும் ஒரே தடத்தின் மேல் பறக்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்கிறது. ஒரே பனியை இரண்டு விதக் கண்களால் பார்ப்பது என்பது இதுதான்.

சரிவான இடங்களில் என்ன ஆகும்?

ரேடாருக்கு அங்கேதான் பெரிய சோதனை. ரேடார் அலை தரையில் பல கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து விழுகிறது. முதலில் திரும்பி வரும் எதிரொலி செயற்கைக்கோளுக்கு மிக அருகிலுள்ள புள்ளியிலிருந்து வருவது. தரை சமமாக இருந்தால் அந்தப் புள்ளி நேர் கீழே இருக்கும். சரிவில் மேட்டுப்பக்கமாகத் தள்ளி இருக்கும். கிரையோசாட்-2 பறக்கும் 717 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். சரிவு வெறும் அரை டிகிரிதான் என்றாலும், எதிரொலி ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள இடத்திலிருந்து வரும். அதை நேர் கீழே என்று எடுத்துக்கொண்டால் உயரத்தில் 27 மீட்டர் தவறும். நாம் தேடுவது சென்டிமீட்டர் மாற்றத்தை!

பனி வேகமாகக் குறைவது சரிவான ஓரங்களில்தான் என்பதால் இதை விட்டுவிடவும் முடியாது. கிரையோசாட்-2-இல் இதற்காகவே இரண்டு ஆன்டெனாக்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். எதிரொலி இரண்டையும் வந்தடையும் நேரத்தில் உள்ள மிகச் சிறு வேறுபாட்டை வைத்து அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கலாம். நம் இரண்டு காதுகள் செய்யும் வேலை.

லேசர் ஒளிப்பொட்டு மிகச் சிறியது. ஐஸ்சாட்-2-இல் அதன் குறுக்களவு 11 மீட்டர் அளவுதான். ஆனால் சரிவுத் தொல்லை அங்கேயும் வேறு உருவத்தில் உண்டு. அடுத்த முறை வரும்போது தடம் சில பத்து மீட்டர் விலகினால், உயரம் மாறியது பனியாலா இடம் மாறியதாலா என்று தெரியாது. 2003-இல் ஏவப்பட்ட முதல் ஐஸ்சாட்டில் ஒரே ஒரு கற்றை என்பதால் இது பெரும் தலைவலியாக இருந்தது. ஐஸ்சாட்-2-இல் ஒரே லேசரை ஆறு கற்றைகளாகப் பிரித்து, மூன்று ஜோடிகளாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் 90 மீட்டர் இடைவெளி. ஜோடியின் இரண்டு உயரங்களையும் பார்த்தால் குறுக்குச் சரிவு ஒரே பயணத்தில் தெரிந்துவிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்துக்கு வரும்?

ஐஸ்சாட்-2 91 நாளுக்கு ஒருமுறை அதே தடத்துக்குத் திரும்பும். ஆண்டுக்கு நான்கு முறை. அதனால் பருவத்துக்குப் பருவம் பனி ஏறி இறங்குவதையும் பார்க்க முடிகிறது. வடக்கு நோக்கிப் போகும் தடமும் தெற்கு நோக்கி வரும் தடமும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளிலும் ஒப்பிடுவார்கள். பழைய, எளிய, இன்றும் மதிக்கப்படும் முறை அது.

துருவத்தின் நேர் மேலே பறக்குமா?

இல்லை. ஐஸ்சாட்-2, கிரையோசாட்-2 இரண்டும் 88 டிகிரி அட்சரேகை வரைதான் போகும். இஆர்எஸ், என்விசாட் காலத்தில் எல்லை 81.5 டிகிரி. அண்டார்டிகாவின் நடுவில் பெரிய வட்டம் ஒன்று காலியாகவே கிடந்தது. பழைய பதிவையும் புதிய பதிவையும் இணைக்கும்போது இதை மறக்கக் கூடாது.

உயரம் குறைந்தால் அந்த அளவுக்குப் பனி போய்விட்டது என்று சொல்லலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். சொல்ல முடியாது, அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது.

படியில் மாவு அளக்கும்போது பார்த்திருப்பீர்கள். அளந்த படியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் மாவு இறங்கிவிடும். ஒரு சிட்டிகைகூடக் குறையவில்லை, ஆனால் மட்டம் குறைந்துவிட்டது. பனிவிரிப்பின் மேல்பகுதியும் அப்படித்தான். புதிதாக விழுந்த பனித்துகளுக்குள் பெரும்பகுதி காற்று. மேலே மேலே விழ, கீழே உள்ளது அமுங்கி, பல ஆண்டுகளில் திடப் பனியாகிறது. பொடிப்பனிக்கும் திடப் பனிக்கும் நடுவிலுள்ள இந்த நிலையை ஃபிர்ன் என்பார்கள். பல இடங்களில் இது 50 முதல் 100 மீட்டர் ஆழம்வரை இருக்கும்.

எண்ணில் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டம் ஒரு மீட்டர் இறங்குகிறது. போனது திடப் பனி என்றால் 9 லட்சத்து 17 ஆயிரம் டன் குறைந்திருக்கிறது. போனது அண்மையில் விழுந்த பொடிப்பனி என்றால் சுமார் 3 லட்சம் டன். வெறுமனே அமுங்கியது என்றால் ஒரு டன்கூடக் குறையவில்லை. செயற்கைக்கோளுக்கு மூன்றும் ஒன்றேபோல்தான் தெரியும்.

எது என்று பிரிக்க வெளியிலிருந்து தகவல் வேண்டும். எவ்வளவு பனி விழுந்தது, வெப்பநிலை என்ன, எவ்வளவு வேகமாக அமுங்கும் என்று வானிலை மாதிரிகள் கணக்கிடுகின்றன. துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளின் அடர்த்தியை வைத்து அந்த மாதிரிகளைச் சோதிக்கிறார்கள். டன் கணக்கில் சொல்லும் எண்ணில் இருக்கும் பிழையில் பெரும்பங்கு லேசர் கடிகாரத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. செய்தி படிப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். ‘இத்தனை டன், கூடவோ குறையவோ இத்தனை’ என்று ஆய்வாளர்கள் எழுதும்போது அந்தக் ‘கூடவோ குறையவோ’வில் அவர்களுடைய நேர்மை இருக்கிறது. செய்தியில் அந்தப் பகுதியை வெட்டிவிடுகிறார்கள்.

அப்புறம், பனிக்கு அடியில் பாறையும் அசைகிறது. பாரம் குறைந்தால் நிலம் மெல்ல எழும். மேற்கு அண்டார்டிகாவின் அமுண்ட்சென் கடல் பகுதியில் நிலம் ஆண்டுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் எழுவதைத் தரையில் வைத்த ஜிபிஎஸ் கருவிகள் காட்டின. பனி குறைந்திருக்கும், ஆனால் அடியிலிருந்து பாறை தூக்கிவிடுவதால் மேற்பரப்பு அந்த அளவுக்கு இறங்கியிருக்காது. இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இவ்வளவு சிக்கல் இருந்தால் முடிவை எப்படி நம்புவது?

முற்றிலும் வேறான வழிகளில் போனவர்களும் அதே இடத்துக்கு வந்து சேர்வதால்.

2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் உயரத்தைப் பார்க்கவே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. கீழே நிறை மாறினால் ஈர்ப்பு மாறும், அவற்றுக்கு இடையேயான தூரம் இம்மியளவு மாறும். அதை அளந்து பனியை எடை போட்டார்கள். 2018 முதல் அடுத்த ஜோடி அதே வேலையைச் செய்கிறது. ஃபிர்ன் அமுங்குவது இந்த முறையைப் பாதிக்காது, நிறை மாறவில்லையே. ஆனால் இடக் கூர்மை குறைவு, சில நூறு கிலோமீட்டர் அளவில்தான் பார்க்க முடியும். பாறை எழுவதும் இதை மிகவும் பாதிக்கும். மூன்றாவது வழி, வரவு செலவுக் கணக்கு: எவ்வளவு பனி விழுந்தது, பனியாறுகள் எவ்வளவு வேகத்தில் கடலுக்குக் கொண்டுபோயின என்று கழித்துப் பார்ப்பது.

மூன்று வழிகளின் குறைகளும் வெவ்வேறு. ஆனாலும் மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. மூன்றையும் சேர்த்து ஒப்பிட்ட பன்னாட்டு மதிப்பீடு ஒன்று, 1992 முதல் 2020 வரை இரு பனிவிரிப்புகளும் சேர்ந்து 7,56,000 கோடி டன் பனியை இழந்ததாகவும், கடல்மட்டம் அதனால் 21 மில்லிமீட்டர் உயர்ந்ததாகவும் கணக்கிட்டது.

அளவு சரி என்று தரையில் போய்ப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். ஐஸ்சாட்-2-இன் தடங்கள் எல்லாம் 88 டிகிரித் தெற்கில் நெருங்கி வந்து வளைகின்றன. அந்த வளைவை ஒட்டிப் பனிமேல் ஓடும் வண்டிகளில் சுமார் 750 கிலோமீட்டர் பயணம் செய்து, துல்லிய ஜிபிஎஸ் வைத்து உயரத்தை அளந்தது நாசாவின் குழு. முதல் பயணம் 2017-18 தென்துருவக் கோடையில், செயற்கைக்கோள் ஏவப்படுவதற்கு முன்பே. பிறகு ஒப்பிட்டபோது வேறுபாடு சராசரியாக 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. வண்டிக்குள் உட்கார்ந்து உறைகுளிரில் வாரக்கணக்கில் அந்தக் கோட்டின் மேல் ஊர்ந்தவர்கள் இல்லாவிட்டால் நம்மிடம் இருப்பது வெறும் எண்தான், சோதிக்கப்பட்ட எண் இல்லை.

முதல் ஐஸ்சாட்டுக்குப் பொலிவியாவின் உயுனி உப்புச் சமவெளி உதவியது. பல பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர்கூட ஏற்ற இறக்கம் இல்லாத வெள்ளைத் தரை அது. அதை முன்பே அளந்து வைத்துக்கொண்டு, செயற்கைக்கோள் சொல்வது சரியா என்று பார்த்தார்கள்.

முதல் ஐஸ்சாட்டின் லேசர்கள் பழுதானது உண்மையா?

உண்மை. மூன்று லேசர்கள் இருந்தன. முதலாவது ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஓடி நின்றது. உள்ளே இருந்த தங்கக் கம்பிகள் பற்றுவைப்பிலுள்ள இண்டியம் உலோகத்தோடு வினைபுரிந்து கெட்டன. மற்ற இரண்டையும் தொடர்ந்து ஓட்டாமல், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் ஒரு மாதம் என்று சிக்கனமாகப் பயன்படுத்தி 2009 வரை கொண்டுவந்தார்கள்.

அந்தச் சிக்கனத்தின் பலன் 2020-இல் தெரிந்தது. 2003 முதல் 2009 வரையிலான ஐஸ்சாட் உயரங்களை ஐஸ்சாட்-2 உயரங்களோடு ஒப்பிட்டு, 16 ஆண்டு மாற்றத்தை வரைந்தார்கள். கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 20,000 கோடி டன் பனியை இழந்திருந்தது. அண்டார்டிகா 11,800 கோடி டன். சுமார் 36,000 கோடி டன் போனால் உலகக் கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டர் ஏறும் என்பது கணக்கு. இந்த 16 ஆண்டுகளில் 14 மில்லிமீட்டர். கிரீன்லாந்தின் காங்கெர்லுஸ்ஸுவாக், யாகோப்ஸ்ஹாவ்ன் பனியாறுகள் ஆண்டுக்கு 4 முதல் 6 மீட்டர் உயரம் இழந்திருந்தன.

சில இடங்களில் பனி உயர்வதாகவும் சொல்கிறார்களே?

ஆம், உயர்கிறது. அதை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. வரைபடத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் கதை உண்டு.

மேற்கு அண்டார்டிகாவின் காம்ப் பனியோடை (பனிவிரிப்புக்குள் சுற்றியுள்ள பனியைவிட வேகமாக நகரும் பட்டையைப் பனியோடை என்பார்கள்) ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஏறத்தாழ நின்றுபோயிருக்கிறது. மேலிருந்து வரும் பனி கடலுக்குப் போகாமல் அங்கேயே சேர்வதால் மேற்பரப்பு ஏறிக்கொண்டே வருகிறது. கிழக்கே ட்ரோனிங் மாட் நிலத்தில் (இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் பகுதி) 2009-லும் 2011-லும் பெய்த பெரும் பனி, உயரத்தில் தெளிவாகப் பதிந்தது. யாகோப்ஸ்ஹாவ்ன் இருபது ஆண்டுகளாக மெலிந்துகொண்டே வந்தது. 2016-இல் அதன் அருகிலுள்ள டிஸ்கோ விரிகுடாவுக்குக் குளிர்ந்த கடல்நீர் வந்ததும் வேகம் தணிந்தது, முகப்பில் தடிமன் கூடியது. பனியாற்றின் போக்கைக் கடல்நீரின் வெப்பம் எவ்வளவு ஆட்டிவைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அமுண்ட்சென் கடலில் பைன் தீவுப் பனியாறும் த்வைட்ஸ் பனியாறும் மெலிவதற்கும் அடியில் புகும் வெதுவெதுப்பான ஆழ்கடல் நீர்தான் காரணம். மொத்தக் கணக்கில் இழப்பு இந்த ஏற்றங்களைவிட மிகப் பெரியது.

பனிக்கு அடியில் ஏரிகள் இருப்பதை மேலிருந்தே கண்டுபிடித்தார்கள் என்பது எப்படி?

பனியின் மேற்பரப்பு மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியதை வைத்து. மேற்கு அண்டார்டிகாவில் முதல் ஐஸ்சாட்டின் தடங்களை ஒப்பிட்டவர்கள், ஏங்கல்ஹார்ட் என்று இன்று அழைக்கப்படும் இடத்தில் 2003-க்கும் 2006-க்கும் இடையில் மேற்பரப்பு ஒன்பது மீட்டர் அளவுக்கு இறங்கியிருப்பதைக் கண்டார்கள். அக்கம்பக்கம் மாறவில்லை. அடியில் இருந்த ஏரி வடிந்திருந்தது! பின்னர் நிரம்பும் ஏரிகளும் வடியும் ஏரிகளுமாக நூற்றுக்கு மேற்பட்டவை கண்டறியப்பட்டன. அவற்றில் ஒன்றான வில்லன்ஸ் ஏரிக்குள் 2013 ஜனவரியில் 800 மீட்டர் பனியைத் துளைத்து இறங்கினார்கள். அங்கே உயிருள்ள நுண்ணுயிர்கள் இருந்தன. அந்த ஏரி இருக்கும் இடத்தை முதலில் காட்டியது விண்ணிலிருந்து வந்த லேசர்.

மிதக்கும் பனித்தட்டுகளை இதே முறையில் அளக்கலாமா?

அளக்கலாம், கூடுதல் கவனம் வேண்டும். மிதப்பதால் பத்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரியும். தடிமன் ஒரு மீட்டர் குறைந்தால் மேற்பரப்பு சுமார் 10 சென்டிமீட்டர்தான் இறங்கும். அதற்குள் கடல் ஏற்றவற்றம் வேறு அதை மீட்டர் கணக்கில் தூக்கி இறக்கும்.

இதில் இந்தியாவின் பங்கு உண்டா?

உண்டு. இஸ்ரோவும் பிரான்சின் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய சரல் 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி20 ராக்கெட்டில் போனது. கடல்மட்டத்துக்காகச் செய்த கருவி என்றாலும் பனிக்கும் அது ஒரு முக்கியமான பாடம் சொன்னது. வழக்கமான ரேடார் அலைவரிசை 13.6 கிகாஹெர்ட்ஸ். சரலின் ரேடார் 35.75 கிகாஹெர்ட்ஸில் இயங்கியது. அலைநீளம் குறைவு என்பதால் பனிக்குள் அவ்வளவு ஆழமாக இறங்காது. இரண்டு அலைவரிசைகளும் ஒரே கலத்தில் இருந்தால் ஊடுருவல் பிழையை அங்கேயே கணக்கிடலாம். ஐரோப்பா அடுத்துத் தயாரித்துவரும் கிறிஸ்டல் செயற்கைக்கோள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. உயரத்தைவிடப் பனியின் நகர்வு வேகத்தை அளப்பதில் அதன் பலம் இருக்கிறது. மேலே சொன்ன வரவு செலவுக் கணக்குக்கு அது தேவை.

கிரீன்லாந்துப் பனி உருகினால் கிரீன்லாந்துக் கரையில்தானே கடல் ஏறும்?

மாறாக, அங்கே இறங்கும். பனிவிரிப்பு அவ்வளவு கனமானது என்பதால் தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளரும், நிலமும் எழும். சுமார் 2,000 கிலோமீட்டர் தூரத்துக்குள் கடல்மட்டம் இறங்கும், தொலைவில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். வெப்பமண்டலக் கடற்கரைகள் இரண்டு பனிவிரிப்புகளுக்கும் தொலைவில் இருப்பவை. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இதில் உள்ள தொடர்பு இதுதான். எங்கிருந்து எவ்வளவு பனி போனது என்று இடவாரியாகத் தெரிந்தால்தான் எந்தக் கரையில் எவ்வளவு ஏறும் என்று சொல்ல முடியும்.

இந்தத் தரவுகளை நானும் பார்க்கலாமா?

தாராளமாக. ஐஸ்சாட்-2 தரவுகள் அனைத்தும் இலவசம். அமெரிக்காவின் தேசியப் பனித் தரவு மையம் வழியாக யாரும் பதிவிறக்கலாம். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு ‘ஓப்பன் ஆல்டிமெட்ரி’ என்ற தளம் இருக்கிறது. வரைபடத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தடத்தின் ஃபோட்டான்கள் புள்ளிகளாகத் திரையில் விரியும். முதலில் ஒரே புள்ளிக் கூட்டமாகத் தெரியும், அதில் பல சூரிய ஒளியின் இரைச்சலாக இருக்கலாம். சற்று உற்றுப் பாருங்கள். நடுவே ஒரு மெல்லிய அடர்ந்த கோடு ஓடும். அதுதான் பனியின் மேற்பரப்பு. யாகோப்ஸ்ஹாவ்னில் தொடங்குவது நல்லது. அங்கே பனிப்பிளவுகள்கூடத் தனித்தனியாகத் தெரியும்.